பொழுதுபோக்கு வலைப்பூவில் காசு: நூறு டாலர் வாசலும் அதற்குப் பின்னால் வருபவையும்

மாடித்தோட்டம், பழைய நாணயம், பறவை பார்த்தல், ஊர் ஊராகக் கோயில் சுற்றுதல் என்று ஏதோ ஒன்றில் பித்துப் பிடித்து, அதைப் பற்றி இரண்டு மூன்று வருடமாக எழுதி வருபவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: இவ்வளவு எழுதியாச்சு, மாதம் சில ஆயிரம் பேர் வந்து படிக்கிறார்கள், இதிலிருந்து இன்டர்நெட் பில்லுக்காவது தேறுமா? தேடினால் கிடைக்கும் பதில்கள் இரண்டே வகை. மாதம் லட்ச ரூபாய் என்று கத்தும் யூடியூப் வீடியோ ஒரு பக்கம். தமிழில் எழுதினால் பைசா பெயராது என்ற புலம்பல் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பணம் எந்தக் குழாய் வழியாக வருகிறது, நடுவில் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள், கைக்கு வந்த பிறகு எந்தெந்தச் சட்டம் எட்டிப் பார்க்கிறது என்று அடியிலிருந்து பார்க்கலாம். வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. சில்லறை தேற்ற நினைப்பவர்களுக்கு உதவும்.

விளம்பரப் பணம் வரும் குழாய்

கூகுள் 2003-இல் இரண்டு காரியம் செய்தது. வலைப்பூ எழுத இடம் தரும் பிளாக்கர் சேவையை விலைக்கு வாங்கியது, ஆட்சென்ஸ் என்ற விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எழுதலாம், எழுதிய பக்கத்தில் விளம்பரத்துக்கு இடம் வாடகைக்கு விடலாம் என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் பரவியது. இன்றும் பிளாக்கர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே, தனி டொமைன் வாங்காமலேயே, ஆட்சென்ஸுக்கு விண்ணப்பிக்க முடியும். வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் முடியாது; அங்கே உங்கள் பக்கத்தில் தெரியும் விளம்பரத்தின் வரும்படி அவர்களுக்குத்தான்.

பேசிக்கொண்டே போவதற்கு முன் நான்கு சொற்கள்:

1. பக்கப் பார்வை: ஒரு பதிவு ஒரு தடவை திறக்கப்படுவது. ஒரே ஆள் ஐந்து பதிவு படித்தால் ஐந்து.

2. இம்ப்ரெஷன்: ஒரு விளம்பரம் ஒரு தடவை காட்டப்படுவது. ஒரு பக்கத்தில் மூன்று விளம்பரம் இருந்தால் ஒரு பக்கப் பார்வைக்கு மூன்று இம்ப்ரெஷன் வரலாம். வாசகர் கீழே வரை வராமல் ஓடிவிட்டால் ஒன்றுதான் வரும்.

3. கிளிக்: விளம்பரத்தை ஒருவர் அழுத்துவது. பல வருடங்களாக ஆட்சென்ஸ் பெரும்பாலும் இதற்குத்தான் பணம் கொடுத்தது. 2023 நவம்பரில் அறிவித்து, 2024 தொடக்கத்தில் இம்ப்ரெஷன் கணக்குக்கு மாறிவிட்டார்கள். 'கிளிக் வந்தால்தான் காசு' என்று சொல்லித்தரும் பழைய வீடியோக்களை அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. ஆர்பிஎம்: ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கு. வந்த பணத்தைப் பக்கப் பார்வையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிடைப்பது. மற்ற எல்லா எண்ணையும் மறந்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் பார்த்தாலே போதும்.

இனி, விலை எப்படி முடிவாகிறது? ஒருவர் உங்கள் பதிவைத் திறக்கும் அந்த நொடியில், கண் சிமிட்டும் நேரத்துக்குள், அங்கே ஒரு ஏலம் நடக்கிறது. இந்த ஆளுக்கு, இந்த ஊரில், இந்தப் பக்கத்தில் என் விளம்பரம் தெரிய இவ்வளவு தருகிறேன் என்று விளம்பரதாரர்கள் சார்பில் கணினிகள் கேட்கின்றன. ஜெயித்தவர் விளம்பரம் வந்து உட்காருகிறது. நீங்கள் கத்தரிக்காய்ப் பூச்சி பற்றி எழுதியிருப்பீர்கள், மேலே செங்கல்பட்டு மனை விற்பனை ஓடும். வாசகர் முந்தின நாள் மனை தேடியிருப்பார், அவ்வளவுதான் விஷயம்.

ஏலப் பணத்தில் பங்கு போவது இப்படி. விளம்பரதாரர் 100 ரூபாய் கொடுத்தால், அவருக்காக ஏலத்தில் இடம் பிடித்துத் தரும் கட்டணமாகக் கூகுளின் விளம்பரச் சேவை சராசரியாக 15 ரூபாய் எடுக்கும். மீதி 85-இல் எழுதுபவருக்கு 80 சதவீதம், அதாவது 68 ரூபாய். பங்கு சொல்லும் முறையை 2023 அறிவிப்பில் மாற்றினார்களே ஒழிய, எழுதுபவர் கைக்கு வருவது பழைய 68 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. பங்கு மோசமில்லை. பத்திரிகையில் எழுதினால் இந்த விகிதம் கனவில்கூட வராது. நம்முடைய பிரச்சினை பங்கில் இல்லை, அந்த 100 என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

தமிழுக்கு ஏன் குறைகிறது

முதலில் ஒரு பழங்கதையை அப்புறப்படுத்திவிடலாம். தமிழ் வலைப்பூவுக்கு ஆட்சென்ஸ் கிடைக்காது என்பது ஒரு காலத்தில் உண்மை. இந்திக்கு 2014-இலேயே கதவு திறந்தது, தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் பலர் ஆங்கிலத்தில் ஒப்புக்கு ஒரு பக்கம் தொடங்கி அனுமதி வாங்கி, அந்த நிரலைக் கொண்டுவந்து தமிழ்ப் பக்கத்தில் ஒட்டினார்கள். விதிமீறல்தான், மாட்டியவர்களும் உண்டு. இப்போது அந்தக் குறுக்குவழி தேவையில்லை. இன்று விண்ணப்பம் திரும்பி வந்தால் பெரும்பாலும் 'குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம்' என்ற காரணத்தோடு வரும். நாலு வரிப் பதிவுகள், வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியவை, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தவை, இவைதான் அதற்குள் அடங்குபவை.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது, ஆனாலும் ஏன் சில்லறையாகவே வருகிறது? ஏலம் என்றாலே கேட்பவர் எண்ணிக்கைதான் விலை. தமிழ்ப் பக்கங்களைக் குறிவைத்துக் கேட்பவர்கள் ஆங்கிலப் பக்கங்களுக்கு இருப்பதைவிடக் குறைவு. காப்பீடு, கடன், பங்குச்சந்தை பற்றிய பக்கங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் விளம்பரதாரருக்குப் பல ஆயிரம் லாபம், அதனால் கூட்டிக் கேட்கிறார். கொய்யாப் பதியன் போடுவது பற்றிப் படிப்பவரிடமிருந்து யாருக்கு என்ன பெரிய லாபம் வந்துவிடும்?

இதில் ஒரு திருப்பம் உண்டு. விலையில் மொழியைவிட வாசகர் உட்கார்ந்திருக்கும் நாடு பெரிய பங்கு வகிக்கிறது. ஒரே தமிழ்ப் பதிவைத் திருநெல்வேலியில் ஒருவரும் டொராண்டோவில் ஒருவரும் திறந்தால், இரண்டாமவருக்காக நடக்கும் ஏலத்தில் கனடா விளம்பரதாரர்கள் கனடா விலையில் கேட்பார்கள். ஈழத்துச் சமையல், புலம்பெயர் நாட்டுக் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பது போன்ற விஷயங்களை எழுதுபவர்களுக்கு, பார்வை எண்ணிக்கை குறைவாக இருந்தும் ஆர்பிஎம் கூடுதலாக இருக்க இதுதான் காரணம்.

நூறு டாலர் வாசல்

ஆட்சென்ஸ் கணக்கில் நூறு டாலர் சேரும் வரை வெளியே எடுக்க முடியாது. இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனை, கணக்கு நிஜம். மாதம் 10,000 பக்கப் பார்வை, ஆர்பிஎம் அரை டாலர் என்றால் மாதம் 5 டாலர். நூறைத் தொட இருபது மாதம், அதாவது ஒன்றே முக்கால் வருடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆர்பிஎம் ஒரு டாலராக இருந்தால் பத்து மாதம். பார்வை 2,000 ஆகவும் ஆர்பிஎம் அரை டாலராகவும் இருந்தால் நூறு மாதம், பையன் பள்ளிக்கூடம் முடித்துவிடுவான்.

வழியில் உள்ள படிகள் இவை:

1. பத்து டாலர் சேர்ந்ததும் உங்கள் வீட்டு முகவரிக்கு ஆறு இலக்க பின் எண்ணோடு சாதாரணத் தபாலில் ஒரு கடிதம் வரும். வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் போடாவிட்டால் பக்கத்தில் விளம்பரம் நின்றுவிடும். ஆகவே முகவரியைத் தபால்காரருக்குப் புரியும்படி, 'பிள்ளையார் கோயில் எதிரில்' உட்பட எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. கணக்கில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் விஷயத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இது. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் பிள்ளைகள் எழுதும் வலைப்பூவுக்குப் பெற்றோர் பெயரில்தான் கணக்கு.

3. நூறைத் தாண்டிய மாதத்துக்கு அடுத்த மாதம் 21-ஆம் தேதியிலிருந்து 26-ஆம் தேதிக்குள் பணம் கிளம்பும். வெளிநாட்டுப் பணமாக வருவதால் என்ன காரணத்துக்காக வந்தது என்று வங்கி கேட்கலாம். சொந்தக்காரர் அனுப்பினார் என்று சொல்லிவிட வேண்டாம், விளம்பர வருமானம் என்றே சொல்லலாம். டாலரை ரூபாயாக மாற்றும்போது வங்கியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

கணக்கு முடங்குவது எங்கே நடக்கிறது

இருபது மாதம் காத்திருந்து தொண்ணூறு டாலரில் கணக்கு முடக்கப்பட்டுத் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் வெளியாட்கள் இல்லை, நாமேதான். தன் பக்கத்து விளம்பரத்தைத் தானே அழுத்துவது, குடும்ப வாட்ஸப் குழுவில் 'விளம்பரத்தைக் கொஞ்சம் கிளிக் பண்ணுங்க' என்று போடுவது, நீ என்னுடையதை அழுத்து நான் உன்னுடையதை அழுத்துகிறேன் என்று சேர்ந்துகொள்வது எல்லாமே செல்லாத கிளிக் கணக்கில் வரும். ஒரே வீட்டு வைஃபையிலிருந்து தினமும் ராத்திரி எட்டரைக்கு நாலு கிளிக் வருவதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. முடக்கினால் சேர்ந்த பணமும் போகும், புதுக் கணக்கும் தொடங்க விட மாட்டார்கள். மேல்முறையீட்டுப் படிவம் ஒன்று உண்டு. அதை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

தலைக்கணக்கை விட்டுவிட்டுத் தேவையைப் பார்த்தால்

பொழுதுபோக்கு எழுத்தின் அடிப்படைக் குணம் ஒன்றைப் பெரும்பாலான வழிகாட்டிகள் கவனிப்பதில்லை. விளம்பரம் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது, பொழுதுபோக்குக்கோ தலைகள் குறைவு. ஆனால் வரும் அந்தச் சிலர் ஒரு சாமான் வாங்கும் யோசனையோடு வருகிறார்கள், எது நல்லது என்று தெரியாமல் நிற்கிறார்கள், எழுதுபவரோ அதை நான்கு வருடம் பயன்படுத்திப் பார்த்தவர். காசு இருக்கும் இடம் இதுதான். பரிந்துரை இணைப்பு, அதாவது அஃபிலியேட் என்று சொல்லப்படுவது, இந்த இடத்தில்தான் விளம்பரத்தை ஓரங்கட்டுகிறது.

மறுபடி கற்பனை எண்ணில் ஒரு கணக்கு. தக்காளிக்கு எந்த அளவு குரோ பேக் (மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பை), எத்தனை வருடத்தில் வெயிலில் நைந்து போகிறது என்ற பதிவை மாதம் 300 பேர் படிக்கிறார்கள். விளம்பரம் மட்டும் என்றால் அரை டாலர் ஆர்பிஎம்மில் பத்துப் பதினைந்து ரூபாய். அதே பதிவில் உள்ள இணைப்பு வழியாக மூன்றே பேர் 500 ரூபாய்க்கு குரோ பேக் வாங்கி, கமிஷன் ஐந்து சதவீதம் என்றால் 75 ரூபாய். மாதம் 75 ரூபாய் பணக்காரர் ஆக்காது. ஆனால் விளம்பரத்தைப் போல ஐந்து மடங்கு, அதுவும் பக்கத்தில் கண்ட கண்ட படம் மின்னாமல்.

அமேசான் இந்தியாவின் திட்டத்தில் சேருபவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை: சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லையேல் கணக்கு மூடப்படும். வாசகர் இணைப்பை அழுத்திய 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் உங்கள் கணக்கில் சேரும். அந்த நேரத்துக்குள் அவர் குரோ பேக்கை விட்டுவிட்டு மிக்ஸி வாங்கினாலும் கணக்கில் வரும், அது இனாம். நீங்களோ உங்கள் வீட்டாரோ அந்த இணைப்பில் வாங்குவது செல்லாது. எந்தப் பொருள் வகைக்கு எத்தனை சதவீதம் என்பது அவ்வப்போது மாறுகிறது, ஆகவே ஒரு பொருளை நம்பி மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

எல்லாப் பொழுதுபோக்குக்கும் இது பொருந்தாது. பறவை பார்ப்பவர் ஒரு பைனாகுலர் வாங்கினால் பத்து வருடம் ஓட்டுவார். நாணயம் சேர்ப்பவருக்கு ஆல்பமும் பூதக்கண்ணாடியும் விற்கலாம், ஆனால் பழைய நாணயத்தையே விற்க நினைத்தால் நூறு வருடத்துக்கு மேற்பட்டவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அதை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும். விதைக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம், தானே வளர்த்த விதையைத் தன் இடத்திலேயே நேரடியாக இன்னொருவருக்கு விதைக்கக் கொடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. வீட்டுக்கு வந்து வாங்கிப் போகும் பக்கத்துத் தெருக்காரர் அந்த விலக்குக்குள் அழகாகப் பொருந்துகிறார், கூரியரில் நாடு முழுவதும் அனுப்புவது அதே வரிக்குள் வராது. சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி விற்கும் சமையல் பதிவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இருக்கிறது. சிறு அளவில் வீட்டிலிருந்து செய்பவர்களுக்கும் அது உண்டு.

வாங்க எதுவுமே இல்லாத பொழுதுபோக்கு என்றால், உள்ளூர் வரலாறு அல்லது கோயில் குறிப்புகள் மாதிரி, எழுத்தையே பொருளாக்கலாம். அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் 2016 டிசம்பரில் வந்தன. நாற்பது பதிவைத் தொகுத்து, திருத்தி, மின்னூலாக யார் வேண்டுமானாலும் போடலாம், செலவு இல்லை. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் கவனிக்காமல் காலை வைக்கிறார்கள். மாதச் சந்தா வாசகர்கள் படிக்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் வர வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற ஏற்பாட்டில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த 90 நாளுக்கு, மின்னூலில் உள்ளவை வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூ உட்பட. முன்னோட்டமாகப் பத்து சதவீதம் வரை விடலாம், அவ்வளவுதான். அதாவது புத்தகத்தில் போட்ட பதிவுகளை வலைப்பூவிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தால் தேடுபொறி வழியாக வந்துகொண்டிருந்த வாசகர்களும் போவார்கள். என் யோசனை: பதிவுகளை அங்கேயே விட்டுவிட்டு, செலக்டில் சேராமல் சாதாரணமாக விற்கலாம், அல்லது புத்தகத்துக்கென்று புதிதாக எழுதலாம். இரண்டு படகில் கால் வைக்க இதில் இடமில்லை.

பிறகு யூபிஐ. பதிவின் கீழே ஒரு கியூஆர் படம், 'பிடித்திருந்தால் டீ வாங்கிக் கொடுங்கள்' என்று ஒரு வரி. நடுவில் யாரும் பங்கு கேட்பதில்லை, நூறு டாலர் வாசலும் இல்லை. தமிழ் வாசகர் கூச்சப்படாமல் கொடுக்கிறார், கேட்கத்தான் எழுதுபவருக்குக் கூச்சம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர் 'நன்கொடை' என்று பெயரிட்டு அனுப்புவது மட்டும் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடும். அவர்களுக்கு மின்னூலை விலைக்குக் கொடுப்பது சுத்தமான வழி.

இன்பாக்ஸில் வரும் தேன் தடவிய கடிதம்

வலைப்பூ கொஞ்சம் பழையதாகி, தேடலில் மேலே வரத் தொடங்கியதும் ஒரு மின்னஞ்சல் வரும். 'உங்கள் எழுத்து அருமை, ஒரு விருந்தினர் பதிவு தருகிறோம், அதில் ஒரு இணைப்பு இருக்கும், நாற்பது டாலர்.' எட்டு மாத விளம்பர வருமானம் ஒரே மின்னஞ்சலில்! அவர்கள் வாங்குவது உங்கள் வாசகரை அல்ல, உங்கள் பக்கத்தின் மேல் கூகுளுக்கு இருக்கும் நம்பிக்கையை. காசு வாங்கிய இணைப்பில் அதைக் குறிக்கும் 'ஸ்பான்சர்ட்' என்ற குறியைப் போட வேண்டும் என்பது கூகுள் விதி. குறியைப் போட்டால் அவர்களுக்குப் பயனில்லை, அதனால் போட வேண்டாம் என்பார்கள். போடாமல் மாட்டினால் தேடலில் உங்கள் பக்கம் கீழே போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த இணைப்பு போய்ச் சேரும் இடம். பல சமயம் அது ரம்மி, கேசினோ, பந்தயத் தளம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அவற்றை நடத்துபவரோடு விளம்பரம் செய்பவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. விளம்பரத்துக்கு இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாற்பது டாலருக்கு இது ரொம்ப அதிக விலை.

பணம் வந்த பிறகு மாறுபவை

பொழுதுபோக்காக எழுதும்வரை யாரும் கண்டுகொள்ளாத பல விஷயங்கள், ஒரு ரூபாய் வந்ததும் வேறு கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. தொகை சின்னது என்பது இங்கே அநேகமாக எடுபடாது.

1. படங்கள். படைத்தவரே மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஒரு வகை உண்டு. விளம்பரமோ பரிந்துரை இணைப்போ உள்ள பக்கத்தில் அந்தப் படங்களை வைத்திருப்பது சிக்கல். பழைய பதிவுகளில் உள்ளவற்றையும் சேர்த்துத்தான். விக்கிமீடியா காமன்ஸ் அந்த வகைப் படங்களை ஏற்பதே இல்லை, ஆகவே அங்கிருந்து எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. கூகுள் படத் தேடலில் கிடைத்தது என்பது உரிமம் ஆகாது. செல்போனில் நாமே எடுத்த மங்கலான படம் எவ்வளவோ மேல்.

2. வெளிப்படையாகச் சொல்வது. இலவசமாக வந்த பொருளைப் பற்றி எழுதினாலும், கமிஷன் வரும் இணைப்பு வைத்தாலும் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2021-இல் இதற்கு நெறிமுறை வெளியிட்டது, நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி கொண்டுவந்தது. எந்த மொழியில் பரிந்துரைக்கிறோமோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்கிறது அது. தமிழ்ப் பதிவின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி போதாது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தடவை 10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம், பரிந்துரைப்பவரும் அதில் அடக்கம்.

3. வருமான வரி. ஐந்நூறு ரூபாயானாலும் அது வருமானம், மொத்த வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். சம்பளக்காரர்கள் தடுமாறுவது படிவத்தில். வழக்கமாக நிரப்பும் ஐடிஆர் 1 படிவத்தில் தொழில் வருமானத்தைக் காட்ட இடமில்லை. வலைப்பூ வருமானத்தைத் தொழில் என்று காட்டினால் படிவம் 3 அல்லது 4-க்குப் போக வேண்டும், ஆனால் படிவம் 3-இல் டொமைன் கட்டணம் போன்ற செலவுகளைக் கழிக்கலாம். எப்போதாவது வரும் சொற்பத் தொகையை 'பிற வருமானம்' என்று காட்டுபவர்களும் உண்டு. வருடா வருடம் தொடர்ந்து வரத் தொடங்கினால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கமிஷனில் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) பிடித்திருந்தால் வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும், வரி கட்ட வேண்டிய அளவு இல்லாதவர்கள் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இன்னொன்று: நிறுவனங்கள் அனுப்பும் இலவசப் பொருள். 2022 ஜூலை 1 முதல், ஒரு நிறுவனத்திடமிருந்து வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் வந்து, அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால், பத்து சதவீத டிடிஎஸ் கணக்கு உண்டு. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் இல்லை. ஜிஎஸ்டி பற்றிப் பொதுவாகக் கவலை வேண்டாம், சேவைகளுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் என்ற எல்லையை நம் கொய்யாப் பதியன் தொடப்போவதில்லை.

4. வேலை. தமிழில் பொழுதுபோக்காக எழுதுபவர்களில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் நிறைய. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளை அனுமதிக்கின்றன, வணிகத்தை முன் அனுமதி இல்லாமல் அனுமதிப்பதில்லை. மாநில ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விதிகள் தனியே இருக்கின்றன. புத்தக ராயல்டி ஒரு வகை, மாதாமாதம் விளம்பர வருமானமும் பொடி விற்பனையும் வேறு வகை. எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டால் நிம்மதி. மனைவி பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். எழுதுவது யார் என்று உலகத்துக்கே தெரிந்திருக்கும்போது அது எத்தனை நாள் ஓடும்?

5. ஐரோப்பிய வாசகர்கள். லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ தமிழர்கள் படிக்கிறார்கள் என்றால், 2024 ஜனவரி 16 முதல் குக்கீக்கு, அதாவது அவர்கள் உலாவியில் பதியும் அடையாளத் துணுக்குக்கு, சம்மதம் கேட்கும் அறிவிப்பைக் கூகுள் அங்கீகரித்த கருவி வழியாகக் காட்டியாக வேண்டும். சுவிட்சர்லாந்து மட்டும் அதே ஆண்டு ஜூலையில் சேர்ந்தது. ஆட்சென்ஸுக்குள்ளேயே இதற்கு இலவசக் கருவி இருக்கிறது, பத்து நிமிட வேலை. செய்யாவிட்டால் அதிக விலை தரும் அந்த வாசகர்களிடமிருந்துதான் வருமானம் குறையும்.

தேடலே மாறிக்கொண்டிருக்கும்போது

மேலே போட்ட எல்லாக் கணக்கும், வாசகர் தேடிக்கொண்டு நம் பக்கத்துக்கு வருவார் என்ற அனுமானத்தில் நிற்கிறது. கூகுள் தேடலின் உச்சியிலேயே ஏஐ சுருக்கமாகப் பதில் சொல்லும் வசதி 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது, பிறகு தமிழும் சேர்ந்தது. வேப்பெண்ணெயைத் தண்ணீரில் எந்த விகிதத்தில் கலப்பது என்று கேட்பவருக்குப் பதில் மேலேயே கிடைத்துவிட்டால் அவர் ஏன் உள்ளே வரப்போகிறார்? எண்ணும் விகிதமும் செய்முறையும் மட்டும் உள்ள பதிவுகள் அடிவாங்கும். மூன்று கடை குரோ பேக்கை ஒரே மாடியில் இரண்டு கோடை வைத்துப் பார்த்த பதிவைச் சுருக்கிச் சொன்னாலும், வாங்கப் போகிறவர் படம் பார்க்கவாவது உள்ளே வருவார். விளம்பரத்தைவிடப் பரிந்துரை இணைப்பின் பக்கம் இந்தக் கட்டுரை சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஒரு சின்னத் தகவல். விளம்பரம் போட்டுப் பார்த்தாயிற்று, பக்கம் அசிங்கமாகத் தெரிகிறது, நூறு டாலர் வருவதாகக் காணோம், போதும் என்று தோன்றினால், சேர்ந்த பணத்தை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. பத்து டாலருக்கு மேல் இருந்து, முகவரிச் சரிபார்ப்பும் வங்கி விவரமும் முடிந்திருந்தால், கணக்கை மூடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஏறக்குறைய 90 நாளில் அதுவரை சேர்ந்தது வங்கிக்கு வந்துவிடும்.